ஏழாவது எடம்

“டாக்டர் பட்டம் வாங்கிட்ட, வேலை எப்படா?” என்று 2018-இல் அம்மா கேட்டுச்சு. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்த கூலியில் என்னைப் படிக்கவைத்த மனுஷி. அதற்கு ரோஸ்டர் கணக்கைச் சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நமக்கு 15 சதவீதம். மொத்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து எண்ணினால் இடம் வரும். துறை துறையாக எண்ணச் சொன்னது அலகாபாத் உயர்நீதிமன்றம், 2017-இல். 2018 மார்ச்சில் யு.ஜி.சி.யும் அப்படியே சுற்றறிக்கை விட்டது. அந்தக் கணக்கில் நம்மவருக்கு முதல் இடமே 7-ஆவதுதான். பழங்குடிக்கு 14.

“ஒரு துறையில எத்தன வாத்தியாரு?”

“நாலு, அஞ்சு.”

“அப்ப ஏழாவதா எங்கிட்டுடா உக்காருவ?”

உச்சநீதிமன்றத்துக்கு இது உறைக்கவில்லை. 2019 ஜனவரியில் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் அவசரச் சட்டம், ஜூலையில் முழுச் சட்டம்: பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே அலகு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சில ‘மேன்மை’ நிறுவனங்களுக்கு விலக்கு. மேன்மைக்கும் நமக்கும் அப்படியென்ன பகையோ!

சரி, இடம் ஒதுக்கினால் ஆள் உள்ளே போய்விட முடியுமா? ஒரு நேர்காணலில் என் ஆய்வைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. மற்றதெல்லாம் அப்பா என்ன செய்யுறார், போடியில் எந்தத் தெரு. முடிவு: ‘தகுதியானவர் எவருமில்லை.’ அடுத்த வருசம் அதே இடத்துக்கு மறுபடி விளம்பரம். மறுபடி விண்ணப்பம் போட்டேன், அதே தெருப் பெயரை எழுதி.