யன்னலோரத்தில் இருவர்

கொடிகாமம் புகையிரத நிலையத்தில், 2014ஆம் ஆண்டு மார்கழி மாதத்து அதிகாலையொன்றில், நாங்கள் இருவரும் முதன்முதலாகப் புகையிரதம் ஏறினோம். 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990ஆம் ஆண்டு போரினால் தடைப்பட்டு, 24 ஆண்டுகளின் பின்னர் அவ்வாண்டு ஒக்டோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியிருந்தது. எங்களில் மூத்தவளுக்கு அப்பொழுது வயது 16. இளையவனுக்கு 12. வடமராட்சியிலிருந்து கொடிகாமம் வந்து சேரும் வரை ஒற்றுமையாக இருந்த நாங்கள், பெட்டியினுள் ஏறியதும் யன்னலோர ஆசனத்துக்காகச் சண்டையிடத் தொடங்கிவிட்டோம்.

“கிளிநொச்சி வரைக்கும் தம்பி. அதற்கு அப்பால் அக்கா,” என்று தீர்ப்பு வழங்கினார் அப்பா.

தம்பி வெற்றிக் களிப்புடன் அமர்ந்தான். அக்கா அவனுடைய தலைக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பளையை அண்மித்தபொழுது பனந்தோப்புகள் தோன்றின. அவற்றுள் பல மரங்களுக்குத் தலை இல்லை. எறிகணைகள் கொய்துவிட்டுப் போன வெறும் தண்டுகள் வரிசை வரிசையாக நின்றன. எங்கள் சண்டை அவ்விடத்திலேயே அடங்கிற்று. கிளிநொச்சி வந்தும் ஆசனம் மாறவேண்டுமென்ற நினைவு இருவருக்கும் எழவில்லை.

இன்று எங்களில் ஒருத்தி கனடா நாட்டின் ரொறன்ரோ மாநகரில் தொழில் புரிகின்றாள். மற்றவன் நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் கடல்வளம் பற்றிப் படிக்கின்றான். இக்கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகின்றோம். யார் எதை எழுதினார் என்ற குழப்பம் நேராதிருக்க, அக்கா என்றும் தம்பி என்றுமே எங்களைக் குறிப்பிடுவோம்.

2022ஆம் ஆண்டு அக்கா புறப்பட்டபொழுது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தம்பி சொன்னது ஒன்றே: “அக்கா, யன்னல் ஆசனம் இனி உங்களுக்குத்தான். ஆனால் பார்ப்பதையெல்லாம் எனக்கும் காட்டவேண்டும்.” இரண்டு ஆண்டுகளின் பின்னர் அவனும் வெளிநாடு சென்றான். அன்று முதல் அந்த வாக்கு இருவருக்கும் உரிய ஒப்பந்தமாயிற்று. மாதத்துக்கு ஓர் இடமேனும் காணவேண்டும், கண்டதை மற்றவருக்கு எழுதவேண்டும், படமும் அனுப்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் அப்பாவும் கைத்தொலைபேசியின் முன்னே அமர்வார்கள். கோடைகாலத்தில் ஊரில் இரவு 7.30 மணியாகும்பொழுது பேர்கனில் பிற்பகல் 4 மணி. ரொறன்ரோவில் காலை 10 மணி. எங்கள் குடும்பத்தின் இராப்போசனமும் தேநீரும் காலையுணவும் ஒரே வேளையில் நடைபெறுவது அவ்வாறுதான்.

மழை நகரமும் மலைப் பாதையும்

பேர்கன் ஏழு மலைகளுக்கு இடையே கடலை நோக்கி அமைந்த துறைமுக நகரம். ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் அங்கு மழை பெய்யும். மழையென்றால் ஐப்பசி, கார்த்திகை என்று கணக்கு வைத்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது முதலில் வியப்பாகவும், பின்னர் சலிப்பாகவும், இறுதியில் பழக்கமாகவும் ஆயிற்று. ஆயினும் நோர்வேக்கும் எங்கள் கரைக்கும் உள்ள உறவு புதியதன்று. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் என்பவர் 1956ஆம் ஆண்டிலேயே அந்நாட்டை அடைந்து, மீன்பிடித் தொழிலின் நுட்பங்களைக் கற்றார். நோர்வே மக்களின் உதவியுடன் காரைநகரில் ‘சீநோர்’ நிலையம் எழுந்தமைக்கு அவருடைய முயற்சியே வித்து. யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே ஆண்டில் ஒருவர் அங்கு போய்ச் சேர்ந்திருக்கிறார் என்பதை அறிந்தபொழுது, தம்பிக்கு அந்த மழை சற்றே குறைந்தாற் போலத் தோன்றியது.

அவனுடைய முதற் பெரும் பயணம் பிளாம் மலைப் பாதை. பேர்கனையும் ஒஸ்லோவையும் இணைக்கும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதில் மிர்டால் என்னும் மலை நிலையத்தில் இறங்கி வேறு வண்டியில் ஏறினால், 867 மீற்றர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை 20 கிலோமீற்றர் தூரத்தில் இறங்கிவிடலாம். 18 மீற்றர் முன்னேறுவதற்குள் 1 மீற்றர் இறங்கும் சரிவு! இடையிலே 20 சுரங்கங்கள். பேரிரைச்சலுடன் விழும் அருவியொன்றின் அருகில் வண்டி நிற்க, பயணிகள் இறங்கி நின்று அதன் சாரலில் நனைகின்றனர். கீழே, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து ஏரி போலத் துயில்கின்றது. அது 200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, சுமார் 1,300 மீற்றர் வரை ஆழ்ந்து செல்லும் சொங்னே கடற்குடாவின் ஒரு கிளை.

இவற்றையெல்லாம் தம்பி நான்கு பக்கங்களில் வருணித்து அனுப்பினான். அக்காவிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: “எந்தப் பக்கத்து யன்னலில் இருந்தாய்?”

படத்தில் இல்லாத கதை

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தம்பி பின்சே என்னும் நிலையத்தில் இறங்கினான். 1,222 மீற்றர் உயரத்திலுள்ள அவ்விடத்துக்கு மோட்டார் வீதி கிடையாது. புகையிரதமே துணை. தென்துருவத்தை நாடிச் சென்ற ஷாக்கிள்டன், 1914ஆம் ஆண்டு தம் குழுவினருடன் பயிற்சி செய்த பனிவெளி அது. அடுத்த வண்டி வருவதற்குச் சில மணி நேரம் இருந்தது. பனியில் நடப்போருக்கு வழி காட்டுவதற்காக மரக்கிளைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். அவ்வரிசையைப் பின்பற்றி அவன் தனியாக நடந்தான்.

வானம் நீலமாக இருந்தது. தரை கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மையாக இருந்தது. வலக்கைக் கையுறையைக் கழற்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்தான். “அக்கா, உலகம் முழுவதும் ஆனையிறவு உப்பளம் போல வெளுத்திருக்கிறது,” என்ற வரியுடன் அப்படம் ரொறன்ரோவை அடைந்தது. அக்கா அகமகிழ்ந்து, “இன்னும் படங்கள் அனுப்பு,” என்று எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தம்பி தேநீர் அருந்திக்கொண்டே பின்சேயின் அழகை விவரித்துக்கொண்டிருந்தான். அம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு கேட்டார்:

“கோப்பையை ஏன் தம்பி இடக்கையால் பிடிக்கிறாய்?”

“ஒன்றுமில்லை அம்மா. எழுதி எழுதிக் கை நோகிறது.”

“மற்றக் கையைக் காட்டு.”

காட்டினான். இரு விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. அதன் பின்னரே உண்மை வெளிவந்தது. படம் பிடித்து முடிந்த சிறிது நேரத்தில் காற்று எழுந்தது. பனித்தூள் கிளம்பி வானமும் தரையும் ஒன்றாகிவிட்டன. நிலையமும் மறைந்தது. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளை தெரியும் வரை காத்து நின்று, பிறகு நடந்து, மீண்டும் காத்து நின்று திரும்பினான். கழற்றிய கையுறையை அணிய முயன்றபொழுது விரல்கள் வெளுத்து உணர்ச்சியற்றிருந்தன. நிலையத்தில் இருந்த முதியவர் ஒருவர் அவற்றைத் தேய்க்கவிடாது தடுத்து, கமக்கட்டினுள் வைத்துச் சூடேற்றுமாறு கூறினார். உறைந்த தோலைத் தேய்த்தால் காயம் பெருகும் என்பதை அன்றுதான் அவன் அறிந்தான்.

இக்கதையைக் கேட்டு அக்கா அழுதாள். ‘இன்னும் படங்கள் அனுப்பு’ என்று அவள் கேட்டது, அந்த விரல்கள் மரத்திருந்த வேளையில் அல்லவா? அழுகையினூடே தானும் ஒன்றை மறைத்ததை ஒப்புக்கொண்டாள். கனடாவுக்குச் சென்ற முதற் குளிர்காலத்தில் நயாகரா பார்க்கப் போனாள். ஏறக்குறைய 57 மீற்றர் உயரத்திலிருந்து விழும் குதிரைலாட அருவியையும், அதன் கரையெங்கும் உறைந்து தொங்கிய பனிச் சரங்களையும் பற்றி எழுதியிருந்தாள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதையும், இரவு முழுவதும் ஒரு கோப்பிக் கடையின் மூலையில் உறங்காது அமர்ந்திருந்ததையும் எழுதவில்லை. அம்மா கவலைப்படுவார் என்பது காரணம். தம்பி சிரிப்பான் என்பது மற்றொரு காரணம்.

அம்மா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “அழகான இடமெல்லாம் புத்தகத்திலும் இருக்குப் பிள்ளையள். நீங்கள் எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று சொல்லுங்கோ. அது புத்தகத்தில் இல்லை,” என்றார்.

நோர்வேயில் மலைநடைக்கென ஒன்பது விதிகள் உள்ளன. போகும் வழியைப் பிறருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. காலம் தாழ்த்தாமல் திரும்பிவிடவேண்டும், திரும்புவதில் வெட்கம் ஏதும் இல்லை என்பது இன்னொன்று. அவற்றுடன் பத்தாவதாக ஒன்றை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்: பயந்ததை எழுதாமல் படம் அனுப்புதல் ஆகாது.

கருகிய காடும் பளையும்

அவ்விதியின்படி நடந்த முதற் பயணம் அக்காவினுடையது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ரொறன்ரோவிலிருந்து மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் வரை செல்லும் நெடுந்தூரப் புகையிரதத்தில் ஏறினாள். முழுத் தூரம் 4,466 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள எங்கள் இலங்கையை நீளவாட்டில் பத்துத் தடவை அடுக்கினாற் போன்ற தொலைவு. பயணம் செய்யச் செய்யக் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பவேண்டும். சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டு, கிளைப்பாதைகளில் வண்டி நெடுநேரம் காத்து நிற்பதும் உண்டு.

ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில் பாறையும் ஏரியும் ஊசியிலைக் காடுமே மாறி மாறி வந்தன. இரண்டாம் நாள் இரவு அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கவில்லை. முன்னர் இருந்த அக்காவாயின் மறுநாட் காலை சூரியோதயத்தைப் படம் பிடித்து அனுப்பியிருப்பாள். இம்முறை கொப்பியொன்றை எடுத்து எழுதினாள்: “தம்பி, உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது. வண்டி காட்டின் நடுவே நிற்கிறது. நான் இறந்தால் யாருக்கு முதலில் தெரியும் என்று முட்டாள்தனமாக யோசிக்கிறேன். அடுத்த ஆசனத்து மூதாட்டி தன் கம்பளியைப் போர்த்திவிட்டுப் போனாள். பெயரும் தெரியாது.” வினிப்பெக் நகரை அடைந்ததும் அப்பக்கம் அப்படியே பேர்கனுக்குச் சென்றது. தம்பி அன்று வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் தணிந்துவிட்டது என்ற செய்தி வரும் வரை மணிக்கொரு தடவை எழுதிக்கொண்டே இருந்தான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

சமவெளிகளின் கோதுமை வயல்களைக் கடந்து ஜாஸ்பர் என்னும் மலையூரில் அக்கா இறங்கினாள். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவ்வூரைக் காட்டுத்தீ சூழ்ந்து, கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எரித்துவிட்டது. ஓராண்டு கழிந்தும் மலைச்சாரலில் பைன் மரங்கள் கருகிய தண்டுகளாக, கிளையின்றி, வரிசை வரிசையாக நின்றன. உடன் வந்தவர்கள் அவற்றைப் பார்த்து, “ஐயோ, பாவம்!” என்றார்கள். அக்காவுக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு படம் எடுத்தாள். அதன் கீழே ஒரே சொல்லை எழுதி அனுப்பினாள்: “பளை.”

பேர்கனில் அப்பொழுது இரவு. அச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாத இன்னொருவன் உலகத்தில் அங்கே இருந்தான். நெடுநேரத்தின் பின்னர் அவன் கேட்டான்: “எந்தப் பக்கத்து யன்னல், அக்கா?”

மறுநாள் அவள் விரிவாக எழுதினாள். கருகிய மரங்களின் அடியில் ஊதா நிறப் பூச்செடிகள் செழித்திருந்தன. அங்குள்ள பைன் இனமொன்றின் காய்கள் பிசினால் மூடப்பட்டவை. நெருப்பின் வெப்பம் பட்டால்தான் திறந்து விதையைச் சொரிவன. ஆகவே அக்காடு தானாகவே மீண்டும் வளரும். பனைக்கோ குருத்து ஒன்றே. தலை போனால் மரம் போயிற்று. யாரேனும் பனங்கொட்டையை நட்டாலன்றித் தோப்பு மீளாது. “எங்கள் ஊரில் யாரோ நட்டிருக்கிறார்கள் தம்பி. நாங்கள் புறப்படும்போது வடலிகள் தெரிந்தன, நினைவிருக்கிறதா?” என்று அக்கடிதம் முடிந்தது.

அவனுக்கு நினைவிருந்தது.

இளம் வாசகர்களே! உங்களிலும் பலர் நாளை அக்காவையோ தம்பியையோ தொலைதூரத்துக்கு அனுப்பிவைப்பீர்கள். அல்லது நீங்களே புறப்படுவீர்கள். மலையும் அருவியும் கண்டால் கட்டாயம் எழுதுங்கள். அதனுடன் கைவிரல் உறைந்ததையும், பேருந்தைத் தவறவிட்டதையும், காய்ச்சலில் யோசித்ததையும் எழுதுங்கள்.

அப்பா தம் பழைய தேசப்படப் புத்தகத்தில் எங்கள் பயணங்களைப் பென்சிலால் கோடிட்டு வருகின்றார். ஒரு கோடு மேற்கே ஜாஸ்பர் வரை போகின்றது. மற்றது வடக்கே பின்சே வரை. இரண்டும் கொடிகாமத்திலிருந்தே தொடங்குகின்றன. அடுத்த விடுமுறைக்கு இருவரும் ஒரே வேளையில் ஊர் திரும்பத் தீர்மானித்திருக்கிறோம். கொழும்பிலிருந்து புகையிரதத்தில்தான் வருவோம். கிளிநொச்சிக்கு இப்பால் அக்காவா தம்பியா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. அப்பாவே மீண்டும் தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.