பழைய கிட்டாரை வெட்டலாமா?

1/ வீட்டுல ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கு. இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காத மாடல். வாசிக்கவும் கஷ்டமா இருக்கு. அதை வெட்டி, இழைச்சு, உள்ள இருக்கிறதை எல்லாம் மாத்தி நமக்கு ஏத்த மாதிரி ஆக்கிக்கலாமா? இல்ல, அப்படியே பொத்திப் பாதுகாக்கணுமா? கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க மக்களே.

2/ எலும்பு டாக்டருக்கு கிட்டார்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. இந்தக் கேள்வி என்கிட்ட வந்ததே ஒரு கட்டைவிரல் வலியாலதான். வலி என் பெரியப்பாவுக்கு. கிட்டாரும் அவரோடதுதான்.

3/ அவருக்கு இப்ப 77 வயசு. இளவயசுல சிங்கப்பூர்ல வேலை பார்த்தவர். 1971ல ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினம் வந்து இறங்கினப்ப ஒரு டிரங்குப் பெட்டியும், அங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு ஜப்பான் கிட்டாரும் கொண்டு வந்தார். அப்புறம் இருபது வருஷம் எங்க பக்கத்துக் கல்யாணம், கோயில் திருவிழான்னு மெல்லிசைக் குழுவுல அதை வச்சுத்தான் வாசிச்சார்.

4/ கிட்டார் டீஸ்கோ கம்பெனி. 1946ல டோக்கியோவுல ஆரம்பிச்ச நிறுவனம், 1967ல கவாய் வாங்கிடுச்சு. அறுபதுகள்ல 'டீஸ்கோ டெல் ரே'ங்கிற பேர்ல அமெரிக்காவுக்கு மலிவு விலைக் கிட்டாரா நிறைய ஏற்றுமதி ஆச்சு. எடி வான் ஹேலனோட முதல் எலெக்ட்ரிக் கிட்டாரே டீஸ்கோதான். வெளிநாட்டுல தேடினா கிடைக்கும். நம்ம ஊர்ல கண்ணால பார்க்கிறதே அபூர்வம்.

5/ அந்தக் காலத்து மலிவுக் கிட்டார்கள்ல ஒரு தொல்லை உண்டு. ஆறு தந்தியும் சேர்ந்து நெக்கை சுமார் 40 கிலோ வேகத்துல இழுக்கும். அந்த இழுவையைச் சமாளிக்க, நல்ல கிட்டார்கள்ல நெக்குக்குள்ள முறுக்கித் திருத்துற ஒரு இரும்புக் கம்பி இருக்கும். ட்ரஸ் ராட்னு சொல்வாங்க. பெரியப்பா கிட்டார்ல அப்படித் திருத்துற வசதி இல்ல. அதுக்குப் பதிலா நெக்கையே தடியா செஞ்சுட்டாங்க.

6/ இப்ப அவர் கைக்கு வருவோம். கட்டைவிரலோட அடிமூட்டுல தேய்மானம். வயசானவங்ககிட்ட, அதுலயும் பெண்கள்கிட்ட, ரொம்ப சகஜம். பாட்டில் மூடி திறக்க, சாவி திருப்ப, துணி பிழிய வலிக்கும். விரல் நுனியில 1 கிலோ அழுத்தம் கொடுத்தா அடிமூட்டுல 10 கிலோவுக்கு மேல சுமை விழும். தடி நெக்கைப் பிடிச்சு, உசரமா நிக்கிற தந்தியை அழுத்தினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

7/ பெரியப்பாவோட பேரன் காலேஜ் படிக்கிறான், அவனும் வாசிப்பான். அவன் ஒரு பட்டியலோட வந்தான். "சித்தப்பா, நெக்கை இழைச்சு மெலிசாக்கிடலாம். பழைய பிக்அப்பைத் தூக்கிட்டு ஹம்பக்கர் போடலாம். பாடியில பள்ளம் வெட்டி ஃப்ளாய்ட் ரோஸ் ப்ரிட்ஜ் வச்சா தாத்தாவும் வாசிக்கலாம், நானும் வாசிக்கலாம்."

8/ பெரியப்பாகிட்ட கேட்டா, "வெட்டிக்கோங்கடா. போகும்போது தூக்கிட்டா போகப்போறேன்? இன்னும் ரெண்டு மூணு வருஷம் கை ஓடுற வரைக்கும் வாசிக்கணும், அவ்ளோதான்"ன்னுட்டார். பொருள் அவரோடது, முடிவும் அவரோடது. பழசு மேல எனக்கு இருக்கிற ஆசைக்காக அவர் ஆசையைத் தள்ளி வைன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

9/ ஆனா நாங்க ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்கிற கேள்விகள் சில இருக்கு. முதல் கேள்வி: தொந்தரவு என்ன? "கிட்டார் பழசு" என்பது தொந்தரவு இல்ல. "கட்டைவிரல் வலிக்குது" என்பதுதான் தொந்தரவு. பேரன் பட்டியல்ல தாத்தாவோட வலிக்கு மருந்து ஒண்ணுதான் இருந்துச்சு, நெக். ஹம்பக்கரும் ஃப்ளாய்ட் ரோஸும் பேரனோட ஆசை. ஆசை தப்பில்ல. ஆனா அதைத் தாத்தா வலியோட சேர்த்து ஒரே பில்லா போடக்கூடாது.

10/ ரெண்டாவது கேள்வி: திரும்ப முடியுமா? தேய்ஞ்ச கட்டைவிரல் மூட்டுக்குக் கடைசி வைத்தியமா ஒரு சின்ன எலும்பையே எடுத்துடுற ஆபரேஷன் உண்டு. நல்லா பலன் தரும். ஆனா எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க முடியாது. அதனால முதல்ல பயிற்சி, கட்டைவிரலைத் தாங்குற ஸ்ப்ளிண்ட், மேல தடவுற வலி ஜெல்லுன்னு போவோம். ஆபரேஷன் கடைசியிலதான்.

11/ கிட்டாருக்கும் அதே கணக்குதான். ஸ்க்ரூ கழட்டி மாத்துறது எல்லாம் திரும்பக்கூடிய வேலை. உளி, இழைப்புளி, ரவுட்டர் மெஷின் தொட்டது எல்லாம் திரும்பாத வேலை. "ஹெவியா மாத்தறோம்"ங்கிற ஒரே வார்த்தையில இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுதான் பிரச்சினை.

12/ "பெரிய பெரிய ஆளுங்களே வெட்டியிருக்காங்களே"ன்னு பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. வான் ஹேலனோட 'ஃப்ராங்கன்ஸ்டைன்' கிட்டார் மலிவா வாங்கின, தரத்துல ரெண்டாம்பட்சமான பாடியில, தனியா வாங்கின நெக்கைப் பூட்டிச் செஞ்சது. அங்க வெட்டினதால எதுவும் அழியல. அதே வான் ஹேலன், 1978ல வந்த முதல் ஆல்பத்துல வாசிச்ச ஐபனேஸ் டெஸ்ட்ராயரோட பாடியில ஒரு துண்டை வெட்டி எடுத்தார். அதோட அந்த சத்தம் போயிடுச்சுன்னு பிற்பாடு அவரே வருத்தப்பட்டார்.

13/ டேவிட் கில்மரோட கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஏலத்துல 39.75 லட்சம் டாலருக்குப் போச்சு. அதுல நெக் பலதடவை மாறியிருக்கு. வேற ப்ரிட்ஜுக்காக மரத்தை வெட்டி, பிறகு அந்தப் பள்ளத்தை மரம் வச்சே அடைச்சிருக்காங்க. கில்மர் வாசிச்சதாலதான் அந்த விலை, வெட்டினதால இல்ல. ஆரம்பத்துல அது ஃபேக்டரியில வரிசையா செஞ்ச ஒரு ஸ்ட்ராட், அவ்ளோதான். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு வாங்கலாம்.

14/ அபூர்வமான கிட்டார்ல அந்த வசதி கிடையாது. கிப்சன் ஃப்ளையிங் வி 1958, 59ல வந்தப்ப வாங்க ஆளில்ல, நூறுக்கும் குறைவாத்தான் போச்சு. அதே காலத்து சன்பர்ஸ்ட் லெஸ் பாலும் விக்காம 1960ல நின்னுபோச்சு. இன்னிக்கு ரெண்டும் பெரிய பணக்காரங்க ஏலம் கேட்கிற பொருள். யாருக்கும் வேண்டாம்னு கிடக்கிற காலத்துலதான் ஒரு பொருள் அதிகமா வெட்டுப்படும்.

15/ டீஸ்கோவுக்கும் இது நடந்துச்சு. அதுல இருக்கிற பிக்அப்புக்கு 'கோல்ட் ஃபாயில்'னு பேரு. மூடியோட ஓட்டை வழியா தங்கக் கலர் தகடு தெரியும். ரை கூடர் அதுல ஒண்ணை எடுத்துத் தன்னோட ஸ்ட்ராட்டுல மாட்டி வாசிச்சார். அந்த சத்தம் பிரபலமானதும், பிக்அப்புக்காகவே பழைய டீஸ்கோவை வாங்கி, பிடுங்கிட்டு, மிச்சத்தைத் தூக்கிப்போட ஆரம்பிச்சாங்க. பேரன் கழட்டிப் போடலாம்னு சொன்னது அந்தப் பிக்அப்பைத்தான்!

16/ அதுக்காக எதையுமே மாத்தக்கூடாதுன்னு சொல்லல. அதே ரை கூடரோட சேர்ந்து வாசிச்ச விஸ்வ மோகன் பட்டோட மோகன வீணை எப்படி வந்துச்சு? கிட்டாருக்கு அதிர்வுத் தந்திகள் எல்லாம் சேர்த்து மாத்தினதுதான். நம்ம மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ரெட்டைத் தந்திகளை விட்டுட்டு, அஞ்சு ஒற்றைத் தந்தி வச்ச எலெக்ட்ரிக் மாண்டலின்ல கமகம் பேச வச்சார். அவங்களுக்கு அந்த மாற்றம் இல்லாம அந்த இசை இல்ல. தேவை இருந்துச்சு, மாத்தினாங்க.

17/ சரி, நாங்க என்ன செஞ்சோம்? சென்னையில கிட்டார் ரிப்பேர் பார்க்கிற ஒருத்தர்கிட்ட கொண்டு போனோம். முதல்ல மெலிசான தந்தி போட்டார். நெக் பாடியோட சேர்ற இடத்துல ஒரு மெல்லிய தகடு சொருகி கோணத்தைத் திருத்தினார். தந்தி கீழ இறங்குச்சு. ஃப்ரெட்டைச் சமன் பண்ணி, கரகரன்னு இரைஞ்ச வால்யூம் குமிழைச் சுத்தம் பண்ணினார். வலி பாதி குறைஞ்சது. இன்னும் பாதி இருந்துச்சு.

18/ நெக்கை இழைக்கலாமான்னு கேட்டேன். அவர் சொன்னது: "சார், உள்ள கம்பி இல்லாத நெக்கை இழைச்சா தந்தி இழுவைக்கு வில்லு மாதிரி வளைஞ்சிடும். அப்புறம் இதுவும் போச்சு." அதாவது தாத்தாவுக்காகன்னு வெட்டியிருந்தா தாத்தாவுக்கே பயன்படாமப் போயிருக்கும். இந்த ஒரு தகவலுக்காகவே விவரம் தெரிஞ்சவர்கிட்ட முதல்ல கேட்கணும்.

19/ டீஸ்கோவுல நெக்கு ஒட்டினது இல்ல, ஸ்க்ரூ போட்டு முடுக்கினது. அதனால அதே அளவுல, உள்ள ட்ரஸ் ராட் வச்சு, மெலிசா ஒரு புது நெக் செஞ்சு தரச் சொன்னோம். பாடியில புது ஓட்டை எதுவும் இல்ல, பழைய ஓட்டைகளுக்கே புது நெக்கைப் பொருத்தினார். செலவு கிட்டாரோட இன்னிக்கு விலைக்குப் பக்கத்துல வந்துச்சு. குடும்பத்துல முணுமுணுப்பு வரத்தான் செஞ்சது.

20/ இது சின்ன மாற்றம் இல்ல. ஒரு கிட்டாருக்கு நெக் மாத்துறது பெரிய மாற்றம்தான். சத்தமே மாறிடுச்சுன்னு பேரன் சொல்றான், "என் காது மாறி பத்து வருஷம் ஆச்சு"ங்கிறார் பெரியப்பா. ஆனா மரத்துல ஒரு இடத்துலயும் வெட்டு விழல. பழைய நெக் துணி சுத்தி, ஸ்க்ரூவோட, பீரோவுல இருக்கு. "நான் போனப்புறம் மாட்டிக்கோங்க"ன்னு சொல்லியிருக்கார்.

21/ இப்ப ஸ்ப்ளிண்ட் போட்டுக்கிட்டு ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் வாசிக்கிறார். தேய்மானம் குணமாகல, ஆகவும் ஆகாது. பேரன் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்ட்ராட் காப்பி வாங்கி, அதுல பள்ளம் வெட்டி ஹம்பக்கர் போட்டுட்டான். வெட்டிப் பழக அதுதான் சரியான கிட்டார்.

22/ உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒண்ணு இருந்தா இதை மட்டும் கேட்டுக்கோங்க. தொந்தரவு என்ன, அது யாரோட தொந்தரவு? செட்டப், தந்தி மாத்தினா தீருமா? செய்யப்போற வேலை திரும்பக்கூடியதா? திரும்பாதுன்னா, அது இல்லாம நீங்க நினைக்கிற இசை வரவே வராதா? அவ்வளவுக்கும் ஆமான்னா தைரியமா வெட்டுங்க. கழட்டினதை மட்டும் தூக்கிப் போடாதீங்க. ஒரு டப்பாவுல போட்டு, எதுல இருந்து கழட்டினதுன்னு எழுதி வைங்க.

23/ கடைசியா டாக்டரா ஒண்ணு. கட்டைவிரல் அடியில வலி இருந்தா, "வயசாயிடுச்சு"ன்னு வாசிக்கிறதை நிறுத்திடாதீங்க. ஒரு தடவை காட்டுங்க. கையை மாத்த முடியாத இடத்துல கிட்டாரையாவது மாத்தலாம்.