வெட்டும் அளவை வைப்பது யார்?



செயற்கை நுண்ணறிவு என்று பேச்செடுத்தால் நான் வாழும் அமெரிக்காவிலும் சரி, நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் சரி, இளையவர்களுக்குப் புரிகிறது, பெரியவர்களுக்குப் புரியவில்லை என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. சாட்ஜிபிடியிடம் எப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது இளையவர்களுக்குத் தெரியும். முடிவெடுக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டால் பிழைப்பிலும் பொறுப்பிலும் என்ன மாறும் என்பதைப் பட்டறிந்தவர்களோ மில்களில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள்.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக, அந்த ஊருக்குச் சோறு போட்டது நூற்பு. அதில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் நூல் அறுந்தால் தொழிலாளிதான் முனை தேடி முடிச்சுப் போட்டார். ஆட்டோகோனர் என்ற தானியங்கி இயந்திரம் வந்த பிறகு, அதிலுள்ள மின்னணுக் கருவி ஓடுகிற நூலின் தடிமனை இடைவிடாமல் அளக்கிறது. வைத்த அளவைத் தாண்டினால் வெட்டுகிறது. முனைகளைக் காற்றழுத்தத்தால் இயந்திரமே சேர்த்துவிடுகிறது. அளவை இறுக்கி வைத்தால் பொறுத்துக்கொள்ளக்கூடிய நூலும் வெட்டுப்பட்டு உற்பத்தி குறையும். தளர்த்தினால் கோளாறான நூல் தறிவரை போய்விடும். இந்த இரண்டு தவறுகளில் எதை எவ்வளவு பொறுப்பது என்பதை, வாங்குபவர் கேட்கும் தரத்தையும் விலையையும் பார்த்து மனிதர்தான் முடிவு செய்கிறார். எக்ஸ்ரே படத்தில் நோய் தேடும் மென்பொருளும், கடன் கேட்பவரைத் தரம் பிரிக்கும் மென்பொருளும் இதே இக்கட்டில்தான் நிற்கின்றன. அளவை வைத்தது யார், அதனால் நஷ்டம் யாருக்கு, இயந்திரம் செய்யும் வேலையை நேற்றுவரை செய்தவர் இனி எங்கே போவார்? இவற்றைக் கேட்கத் தெரிந்தவரை விவரம் தெரியாதவர் என்று நான் சொல்லமாட்டேன்.

நூல் வெட்டும் கருவியும் செயற்கை நுண்ணறிவும் ஒன்றா என்று பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே அளவு கண்ணுக்குத் தெரிகிற ஓர் எண். இங்கே கோடிக்கணக்கான எண்கள், தரவிலிருந்து தாமே படிந்தவை, இதுதான் காரணம் என்று எதையும் எளிதில் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் இந்த வேறுபாடு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. மில்லில் அளவு தப்பென்றால் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லலாம். மென்பொருள் கடனை மறுத்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர் யாரிடம் போய்ச் சொல்வது? தமிழ்நாடு அரசு 2020இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும் தணிக்கை, பொறுப்பு, நியாயம் ஆகியவற்றைத்தான் அளவுகோல்களாக வைக்கிறது. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, நிறுவனம் தங்களைச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். இயந்திரத்தைப் பயன்படுத்துவதா என்று முடிவு செய்வது யார் என்பது அங்கே தொழிற்சங்கம் கேட்ட கேள்வி. மில் தொழிலாளிக்குப் பழகிய கேள்வி.

பெரியவர்கள்தானே எளிதில் ஏமாறுகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, செயற்கை நுண்ணறிவின் உதவியால் 2024 ஜனவரியில் திரையில் தோன்றிப் பேசினார். மறைந்த பாடகர் சாகுல் ஹமீதின் குரல் அதே வழியில் அதே மாதம் ‘லால் சலாம்’ படப் பாடலில் ஒலித்தது. அவை வெளிப்படையாகச் சொல்லிச் செய்யப்பட்டவை. சொல்லாமல் செய்தால், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் நம்பி வளர்ந்த தலைமுறை தடுமாறத்தான் செய்யும். குரலையும் முகத்தையும் செய்துவிட முடியும் என்பதை வீட்டில் சொல்லித்தர வேண்டியது இளையவர்களின் கடமை. ஆனால் போலீஸ் என்று சொல்லிப் போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடி போலீஸ் பயத்தை வைத்து நடக்கிறது. நன்றாகப் படித்தவர்களும் அதில் பணத்தை இழந்திருக்கிறார்கள். அங்கே உதவுவது போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கும் துணிச்சல்தான்.

நம்பி ஏமாறுவது வயதைப் பொறுத்ததும் இல்லை. 1966இல் எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற நிரலை வெளியிட்டார். சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்குவதற்கு மேல் அது பெரிதாக எதுவும் செய்யவில்லை. அப்படியிருந்தும் விவரமறிந்தவர்களே அதனிடம் மனம்விட்டுப் பேசியதைக் கண்டு அவர் கலங்கிப்போனார். சாட்ஜிபிடி போன்ற இன்றைய கருவி அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து வாக்கியம் கட்டுகிறது. உண்மையையும் பொய்யையும் ஒரே சரளத்தோடு சொல்கிறது. அந்தச் சரளத்தையே அறிவு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து, அதைத் தினமும் கையில் வைத்திருக்கும் இளையவர்களுக்குத்தான் அதிகம்.

கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ராஜபாளையத்தில் ராம்கோ பொறியியல் கல்லூரி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மில்லில் ஓய்வுபெற்றவர்கள் அதே ஊர்களில்தான் வாழ்கிறார்கள். பாடம் நடத்தும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: வைண்டிங்கில் வேலை பார்த்த ஓர் அம்மாவையோ பெரியவரையோ வகுப்புக்கு அழையுங்கள். இயந்திரம் வந்தபோது என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்கட்டும். பிறகு அவர்கள் தங்கள் போனில் இருப்பதைப் பெரியவர்களுக்குக் காட்டட்டும்.