பட்டையின் மறைவில்

சில கார்களில் சக்கரத்தின் மேல்வளைவைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். சேறும் கல்லும் தெறித்து வர்ணம் கெடாதிருக்க அமைந்த காவல் அது. அந்தக் காவலின் மறைவிலேயே கேடு வளரும் என்பதை நான் அறியாதிருந்தேன்.

கல்யாணில் ரயில்வே குமாஸ்தாவான எனக்குக் கார் ஓர் ஆடம்பரமே. எனினும், மூட்டுவலியால் மின்சார ரயிலில் ஏற இயலாத தாயாருக்காக, மூன்றாண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினேன். சென்ற மழைக்காலம் முடிந்ததும், என் ஒன்பது வயது மகன் சைக்கிளைக் கொண்டுபோய் அதன் பின்சக்கரத்தருகே மோதினான். பட்டை விரிசல் கண்டது. கோபத்தில் அவனை அடித்துவிட்டேன். தாயார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றிரவு உணவும் கொள்ளவில்லை.

ஞாயிறன்று நானே பழுது பார்க்க முற்பட்டேன். லோகோ ஷெட்டில் பிட்டராக இருக்கும் மராத்தி நண்பர், "முதலில் ஒரு டஜன் கிளிப்புகள் வாங்கி வாருங்கள், பழையவை உடையாமல் வாரா" என்று எச்சரித்தார். மற்றச் சக்கரங்களுக்குக் கல் அணைகொடுத்து, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். உள்விளிம்பிலிருந்த திருகாணிகளை அகற்றியபின், ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் கைவைத்து மெல்ல இழுக்கப் பட்டை பிரிந்து வந்தது.

உள்ளே, மூன்று மழைக்காலத்துச் சேறு! ஈரத்தைப் பிடித்து வைத்திருந்த அந்தச் சேற்றின் அடியில், விரலகலத்துக்குத் துரு. "இன்னும் ஓரிரு மழைக்காலம் போயிருந்தால் தகடே ஓட்டையாகியிருக்கும்" என்றார் நண்பர்.

சேற்றைக் கழுவி உலர்த்தி, கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்தோம். பிறகு பிரைமரும், அது காய்ந்ததும் இருமுறை வர்ணமும் பூசினோம். பட்டையின் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை நிலைக்காதாம். ஆகவே பின்புறத்தில் மெல்லிய கம்பிவலையை வைத்து, சூடேறிய சால்டரிங் இரும்பால் அழுத்திப் பதித்து விரிசலை இணைத்தார் நண்பர்.

அழைக்காமலே வந்து உப்புத்தாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான் மகன். "நீ மோதியிராவிட்டால் இத்துருவை நான் கண்டிருக்கவே மாட்டேன். உன்னை அடித்தது என் தவறு, தம்பி" என்றேன். அவன் சற்று யோசித்து, "அப்படியானால் மற்றப் பக்கத்தையும் கழற்றிப் பார்ப்போமா, அப்பா?" என்று கேட்டான்.

கழற்றினோம். அங்கும் துரு இருந்தது.

கார் வைத்திருக்கும் அன்பர்களே, மழைக்காலம் கழிந்ததும் ஒருமுறை பட்டைகளைக் கழற்றிச் சேற்றைக் கழுவிவிடுங்கள். அடுத்த ஞாயிறன்று தாயாரை மாதுங்கா கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். பேரனைத் தம் அருகிலேயே அமர்த்திக்கொண்டார்கள், என்னுடனும் பேசினார்கள்.