வெள்ளம் வடிந்த பிறகும் சக்கரத்துக்குள் தண்ணீர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கிளம்பினால், பாளையங்கோட்டை தாண்டியதுமே காற்றில் வயல் வாசம் வந்துவிடும். கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம் என்று ஊர்கள் வர வர, பச்சைப் பசேலென்று வாழைத் தோட்டங்கள். தாமிரபரணி வளர்த்த வாழை. இந்தத் தாரும் இலையும் சந்தைக்குப் போய்ச் சேருவது லாரிகளை நம்பித்தான். அவற்றில் வயசான வண்டிகளும் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லை ஜங்ஷன் வட்டாரம் குளமானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தெருவில் நின்ற வண்டிகள் தண்ணீரில் முங்கின.

வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது இன்ஜினைத்தான். ஸ்டார்ட் ஆகிவிட்டால் நிம்மதி. ஆனால், முன் சக்கர ஹப்புக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் வெளியே தெரியாது. அது கிரீஸைக் கெடுத்து, பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். சில வாரம் கழித்து சக்கரத்தில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கிளம்பும்.

சோதிப்பது எளிது. பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னையும் பார்க்க வேண்டும்.

ஹப்பைத் திறந்ததும் கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால், தண்ணீர் புகுந்தது உறுதி. ரோலரில் துருக்குழி இருந்தாலோ, சூட்டில் நீலம் பாரித்திருந்தாலோ உள் பேரிங், வெளி பேரிங் இரண்டையும் அவற்றின் வளையங்களோடு மாற்றிவிடுவது நல்லது. ஆயில் சீலும் புதிதாகத்தான் போட வேண்டும்.

அடுத்து ஸ்பிண்டில். துணியால் துடைத்து, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெல்டிங் வைத்து, லேத்தில் கடைந்து ஒப்பேற்றும் வழக்கம் உண்டு. செலவு குறைவுதான். ஆனால், வெல்டிங் சூடு இரும்பின் பதத்தைக் கெடுக்கும். பாரம் அதிகம் விழும் அடிப்பகுதியில் விரிசல் விடலாம். ஸ்டப் ஆக்சிலையே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

பூட்டும்போது உள்ளங்கையில் கிரீஸை வைத்து ரோலர்களுக்கு இடையே நன்றாக அழுத்தி ஏற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, பிறகு அந்த வண்டிக்குச் சொன்ன அளவு தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். இறுகினால் எரியும், தளர்ந்தால் ஆடும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஹப் அருகே கையைக் கொண்டுபோனால் போதும், சூடு சொல்லிவிடும்.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் ஏறும் லாரியின் முன்பாரம் முழுவதும் நிற்பது அந்த இரண்டு ஸ்பிண்டில்களில்தான். எதிரே பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள்.