வாலாஜா பள்ளிவாசல்

திருவல்லிக்கேணியிலே யான் மூன்றாண்டு வசித்தேன். அங்குள்ள வாலாஜா பள்ளிவாசலைக் கடந்தே நாடோறும் செல்வேன். உள்ளே ஒருநாளும் புகுந்தேனில்லை. ஒருநாள் என்னுடன் பயின்ற முஸ்லிம் நண்பர், "கல்லூரி ஆலயத்தில் உம்மோடு நான் பன்முறை அமர்ந்திருக்கிறேன், எங்கள் பள்ளிவாசலுக்கு நீர் ஒருமுறையேனும் வந்ததுண்டா?" என்று வினவினார். நாணமுற்று, மறுநாள் மாலை அவருடன் சென்றேன்.

இப்பள்ளி, ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜாவின் குடும்பத்தாரால் 1795-ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்றது. முழுதும் கருங்கற் பணி. மரமும் இரும்பும் கலவாதது என்பர். விசாலமான முற்றமும், தொழுவோர் கைகால் சுத்திசெய்தற்குரிய தடாகமும், வானளாவிய மினாராக்களும் உள்ளத்தை ஒடுங்கச் செய்தன.

கல்லிற் பொறித்த அரபுத் தொடரொன்றை நண்பர் காட்டினார். இறைவனை நினைத்தலே பெரிதென்பது அதன் பொருள். அரபு எழுத்துக்கள் ஒவ்வொன்றிற்கும் எண்மதிப்புண்டு. அத்தொடரின் எழுத்துக்களைக் கூட்டினால் 1209 என வரும். பள்ளி எழுந்த ஹிஜ்ரி ஆண்டு அதுவே.

"இதனை ஆண்டுக்குறிப்பாக அமைத்தவர் யாரென்று அறிவீரோ? ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் புலவர்" என்றார் நண்பர்.

யான் வாய்பேசாது நின்றேன். பிற சமயத்தார் ஒருவர் தேர்ந்து தந்த குறிப்பை இவர்கள் இருநூறாண்டுக்கு மேலாகத் தம் தொழுகையிடத்தே காத்து வருகின்றனர். அவ்வாயிலை யானோ மூன்றாண்டு வாளா கடந்து போனேன். புகலாமோ என ஒருவரையும் கேட்டிலேன்.

மாணவ நண்பர்காள்! உங்கள் தெருவிலும் இத்தகைய வாயிலொன்று இருக்கும். அழைப்பு வருமளவும் காத்திராது, நீங்களே சென்று கேளுங்கள்.