ஒப்பு போடுகிற கை

பதிவு கொஞ்சம் நீளம். பணியில் இருந்தபோது 45 நிமிடம் பேசிப் பழகிய வாய், சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 11 அன்று காலை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேரனைக் கூட்டிக்கொண்டு எங்கள் புதுக்கடை தியாகிகள் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். 1954-ல் அதே நாளில்தான், தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. மார்ஷல் நேசமணி காலத்துக் கதை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது பேரன் கேட்டான்: "பாட்டா, அன்னைக்கு இங்க ராஜா உண்டா?"

"உண்டு மக்களே. ஆனா அவரு அப்ப ராஜா இல்ல."

"அப்பொ யாரு?"

32 ஆண்டுகள் சமூக அறிவியலும் சேர்த்து நடத்தியவன் நான். ஒரு சாயா குடித்த பிறகுதான் எனக்குப் பதில் வந்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது.

முதலில் என் பாட்டி கதை. அம்மா சொல்லிக் கேட்டது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் முன்சிறை திருமலை மகாதேவர் கோயில். சிவாலய ஓட்டத்தில் முதல் கோயில் அதுதான். பாட்டியின் இளவயதில் எங்கள் ஆட்களைப் போன்றவர்கள் உள்ளே போக முடியாது. 1936 நவம்பர் 12-ம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். அப்போது அவருக்கு வயது 24. அதன் பிறகு பாட்டி உள்ளே போய்க் கும்பிட்டாள். "பொன்னு தம்புரான் ஒரு ஒப்பு போட்டாரு, நட திறந்துது" என்று சாகும்வரை சொல்வாளாம். வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து.

அந்த ஒப்புக்குப் பின்னால் வைக்கமும் சுசீந்திரமும் இருந்தன. ஆண்டுக்கணக்கில் அடிபட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் பாட்டி கண்டது ஒரு கையும் ஒரு ஒப்பும்தான்.

1954-ல் பாட்டியின் தம்பி புதுக்கடைக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். வெடிச் சத்தம் கேட்டதும் ஓடி, ஒரு கையாலையில் ஏறி அந்தப் பக்கம் சாடியதில் கால் முறிந்தது. நான் பார்த்த காலத்திலும் நொண்டித்தான் நடப்பார். அன்று ராத்திரி பாட்டி என் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். மாமா கொஞ்சம் படித்தவர்.

"மக்களே, பொன்னு தம்புரானுக்கு ஒரு மனு எழுது. அவருக்குத் தெரிஞ்சா இப்பிடி நடக்க விடமாட்டாரு."

"அம்மா, தம்புரானுக்கு இப்ப அதிகாரம் கெடையாது. மந்திரிமாரு எழுதித் தாறதுல ஒப்பு போடணும், அவ்வளவுதான்."

"ஒப்பு போடுத கை அவருக்க கைதானே?"

மாமாவிடம் பதில் இல்லை. மனு எழுதவே இல்லை.

மாமா சொன்னது சட்டப்படி சரி. 1949 ஜூலை 1-ம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. மகாராஜா ராஜபிரமுகர் ஆனார். ஐதராபாத், மைசூர், ராஜஸ்தான் போன்ற பழைய சமஸ்தானப் பகுதிகளிலும் அப்படித்தான். மற்ற மாநிலங்களில் ஆளுநர் இருந்த இடத்தில் இங்கே ராஜபிரமுகர். அரண்மனை அதுவே, ஆளும் அவரே, வேலைதான் வேறு. 1936-ல் போட்டது ஆளும் மன்னரின் ஒப்பு. 1954-ல் பொறுப்பு அமைச்சரவையுடையது. அப்போது முதலமைச்சர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை. துப்பாக்கிச் சூட்டுக்காக அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, அரசு பதவி விலகவேண்டும் என்று சொன்னார். விலகவில்லை. கேட்கவேண்டிய ஆளைச் சரியாகக் கேட்டவர் லோகியா. என் பாட்டி 18 வருடம் பழைய விலாசத்துக்கு மனு எழுதச் சொன்னாள்.

கதை அதோடு முடியவில்லை. 1956 மார்ச்சில் அடுத்து வந்த பனம்பள்ளி கோவிந்த மேனன் அமைச்சரவையும் கவிழ்ந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. திருவனந்தபுரத்தில் அமைச்சரவையே இல்லாமல், ஒரு ஆலோசகரின் துணையோடு, டெல்லிக்குக் கட்டுப்பட்டு, அதே ராஜபிரமுகரின் பெயரில் நிர்வாகம் நடந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதோடு ராஜபிரமுகர் என்ற பதவியும் இந்தியாவில் ஒழிந்தது. எங்கள் மேல் இருந்தவர் இனி ஆளுநர். வேடிக்கை என்னவென்றால், 1964-ல் அந்த ஆளுநராக வந்தவரும் ஒரு ராஜாதான்: மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

1990 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு. எட்டாம் வகுப்புக்கு நான்தான் வினாத்தாள் தயாரித்தேன். ஒரு மதிப்பெண் கேள்வி: "ஆட்சியின் உண்மையான தலைவர் யார்?" விடை: பிரதமர். குடியரசுத் தலைவர் பெயரளவுத் தலைவர் என்று கரும்பலகையில் எழுதி, கோடு போட்டு, மூன்று முறை சொல்ல வைத்திருந்தேன். எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் "ஜனாதிபதி" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துப் பூஜ்யம் போட்டேன்.

அந்த ஆண்டுதான் இலங்கையிலிருந்து வந்து முகாமில் தங்கியிருந்த குடும்பத்துப் பிள்ளை. விடைத்தாள் கொடுத்தபோது மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"சேர், எங்கட நாட்டில ஜனாதிபதிதான் எல்லாம். பிரதமற்ற பேரே எனக்குத் தெரியாது."

"இது இந்தியாவைப் பற்றின கேள்வி" என்றேன்.

அவள் வினாத்தாளை ஒருமுறை பார்த்தாள். அதில் இந்தியா என்ற சொல் இல்லை. ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இலங்கைப் பிரதமர் பெயர் அன்றைக்கு எனக்கும் தெரியாது. ஜனாதிபதி பிரேமதாசா என்று மட்டும் தெரியும். அங்கே 1972-ல் குடியரசு ஆனபோது கோபல்லாவ என்பவர் ஜனாதிபதி. நம் நாட்டைப் போலப் பெயரளவுப் பதவிதான், அதிகாரம் பிரதமர் சிறிமாவோவிடம். 1978-ல் ஜெயவர்த்தனா அதைத் தலைகீழாக்கினார். அதே ஜனாதிபதி என்ற பெயருக்குள் படை, அமைச்சரவை எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஆறே வருடத்தில் ஒரு சொல்லின் பொருள் மாறிவிட்டது. அந்தப் பிள்ளை அந்த மாற்றத்தைப் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்து படித்திருந்தாள்.

அடுத்த மாதம், 1991 ஜனவரி 30. தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், அதிகாரம் இல்லாதவரு எப்பிடி சார் கலைச்சாரு?"

கலைத்த உத்தரவில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். மத்திய அமைச்சரவை சொன்னபடி செய்தார் என்று விளக்கினேன். ஆனால் அந்த நிகழ்ச்சியிலேயே இன்னொரு பாடம் இருந்ததைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஆட்சியைக் கலைக்க வழக்கமாக ஆளுநரின் அறிக்கை வேண்டும். அன்றைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அப்படி ஒரு அறிக்கை அனுப்ப மறுத்துவிட்டார். 356-வது பிரிவில் அறிக்கை வந்தோ "அல்லது வேறு வகையிலோ" என்று ஒரு வாசகம் இருக்கிறது. அதை வைத்துக் கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் பதவியை விட்டே விலகினார். பெயரளவுத் தலைவர்கள் இரண்டு பேர். ஒருவர் கையெழுத்திட்டார், ஒருவர் மறுத்தார். நான் கரும்பலகையில் எழுதிய ஒரே சொல்லுக்குள் இரண்டு பேரும் அடங்கவில்லை.

பிறகும் பார்த்தோம். 1997-ல் உத்தரப்பிரதேச ஆட்சியைக் கலைக்க வந்த பரிந்துரையை கே.ஆர். நாராயணன், மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதைக் கைவிட்டது. 2006-ல் ஆதாயம் தரும் பதவி மசோதாவை நம் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது, கையெழுத்திட்டார். அதுதான் விதி. ஒருமுறை கேள்வி கேட்கலாம், இரண்டாம் முறை ஒப்புக்கொள்ள வேண்டும். 1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஃபக்ருதீன் அலி அகமது அந்த ஒரு கேள்வியைக் கூடக் கேட்காமல் கையெழுத்திட்டார். ஒரு ராத்திரி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளிநாட்டிலும் இப்படித்தான், ஊருக்கு ஊர் அளவு மாறுகிறது. மலேசியாவில் ஒன்பது அரச குடும்பங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருவர் மாமன்னர். வழக்கமாகச் சடங்குதான். 2022 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனதும், எல்லாக் கண்களும் அரண்மனையைப் பார்த்தன. அவர்தான் அன்வர் இப்ராகிமைப் பிரதமராக நியமித்தார். சிங்கப்பூரில் குடியரசுத் தலைவர் நாட்டை ஆள்வதில்லை. ஆனால் முன்னோர் சேர்த்துவைத்த சேமிப்பை அரசாங்கம் எடுக்க அவர் சம்மதம் வேண்டும். வீட்டுப் பெட்டிக்கு இரண்டு சாவி இருப்பது போல. எஸ்.ஆர். நாதன் வைத்திருந்த அந்தச் சாவி 2023 முதல் தர்மன் சண்முகரத்தினத்திடம். இரண்டு பேரும் தமிழ் வம்சாவளி.

அதிகாரம் குவிந்த இலங்கையிலும் கை கட்டப்பட்டதைப் பார்த்தோம். 2018-ல் சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2022-ல் கோத்தபய நாட்டை விட்டே போனார்.

நம் ஊர்ச் சாயாக்கடையில் இன்றும் ஆளுநர், மசோதா என்று சண்டை ஓயவில்லை. 2025 ஏப்ரல் 8-ம் தேதி நம் மாநிலத்தின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது உச்ச நீதிமன்றம். நவம்பர் 20-ம் தேதி ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காலவரையின்றிக் கிடப்பில் போடுவதும் ஆகாது என்றார்கள். கட்சிக்குக் கட்சி வேறு கருத்து இருக்கும். என் கருத்து இதுதான்: சந்தேகம் இருந்தால் காரணம் எழுதித் திருப்பி அனுப்பு, இல்லையென்றால் ஒப்பு போடு. மேசைமேல் வைத்திருப்பது இரண்டும் இல்லை. ஓட்டுப் போட்டவன் யாரிடம் போய்க் கேட்பான்? என் பாட்டி நிலைமைதான் அவனுக்கும்.

பேரனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "ராஜா இருந்தாரு. கேக்கவேண்டிய ஆளு வேற ஆயிட்டாரு. அது எனக்க பாட்டிக்குத் தெரியல்ல. நீ யாருகிட்ட கேக்கணும்னு தெரிஞ்சு வச்சுக்க" என்றேன். தலையாட்டினான். எவ்வளவு புரிந்ததோ.

கடைசியாக ஒன்று. அந்த முகாம் பிள்ளை அடுத்த ஆண்டே பள்ளியை விட்டுப் போய்விட்டாள். இப்போது எந்த நாட்டில் இருக்கிறாளோ, அங்கே யார் தலைவரோ. எப்படியாவது இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், மகளே, அந்தக் கேள்வியை நான்தான் தப்பாகக் கேட்டேன். எந்த நாடு என்று எழுதியிருக்க வேண்டும். உன் விடை சரி. ஒரு மதிப்பெண் உனக்கு உண்டு.